குளிகையில் போகாத கடிதம்

கம்ப்யூட்டருக்குப் பஞ்சாங்கம் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று முதலாளி மீனாட்சிசுந்தரம் சொன்னபோது ஆரோக்கிய ஷீலா சிரிக்கவில்லை. சிரித்தால் சம்பளம் தருகிறவர் மனசு சுணங்கும். அவர் ஆசாரி வீட்டுப் பிள்ளை. நேரம் பார்க்காமல் உளியைக்கூடத் தீட்ட மாட்டார். காரைக்குடி செக்காலை ரோட்டுக்குப் பின்னால் இருந்த அவருடைய மரப்பட்டறையிலிருந்து கோயில் கதவும் வீட்டு வாசல் நிலையும் மலேசியாவுக்கும் மொரீஷியஸுக்கும் கப்பலேறிப் போய்க்கொண்டிருந்தன. கதவுக்கு முதல் மரத்தை அறுக்க நேரம், நிலையை நிறுத்த நேரம், லாரியில் ஏற்ற நேரம் என்று எல்லாவற்றுக்கும் நேரம் இருக்கும்போது, கதவுக்கு விலை சொல்லிப் போகிற கடிதம் மட்டும் கண்ட நேரத்தில் போவதா என்று அவர் கேட்டதில் அவர் வழிக்கு நியாயம் இருந்தது.

தொண்ணூற்றொன்பதாம் வருஷம் அது. பட்டறை ஆபீஸில் மூன்று கம்ப்யூட்டர்கள் இருந்தன. நாலாவதாக, மூலையில் ஸ்டூல் மேல், திரைக்குத் துணி போர்த்தியபடி ஒன்று உட்கார்ந்திருந்தது. அதில் யாரும் கணக்கு அடிக்க மாட்டார்கள், சீட்டு விளையாட மாட்டார்கள். மற்ற மூன்றிலிருந்தும் எழுதுகிற மெயிலெல்லாம் அதற்குத்தான் போகும். ஆபீஸுக்குள்ளேயே போக வேண்டியதை அது உள்ளேயே கொடுத்துவிடும். வெளியே போக வேண்டியதைச் சேர்த்து வைத்து, சொன்ன நேரத்துக்கு மதுரைக்குப் போன் போட்டு, அங்கிருந்த இணையக் கம்பெனியின் மிஷினிடம் ஒப்படைக்கும். இதையெல்லாம் ஷீலாவே ஏற்றி, ஷீலாவே ஓட்டினாள். பாலிடெக்னிக்கில் இதைச் சொல்லித்தரவில்லை. பத்திரிகையோடு இலவசமாக வந்த லினக்ஸ் சிடியும், தலையணைக்குத் தோதான ஒரு புத்தகமும், ஏராளமான தப்பும்தான் சொல்லித்தந்தன. அவள் செங்கல் சூளையில் வளர்ந்தவள். பள்ளிக்கூட லீவு விட்டால் அம்மாவோடு சேர்ந்து சுடாத பச்சைக்கல் சுமப்பாள். கம்ப்யூட்டர் எவ்வளவு முரண்டு பிடித்தாலும் தலையில் சும்மாட்டுத் தழும்பு வைக்காது என்பது அவளுக்குப் பெரிய ஆறுதல்.

முதலாளிக்கு ராகு காலம் முதல் கவலை. அதில் எந்தக் கடிதமும் வெளியே போகக் கூடாது. அது சுலபம். அந்த ஒன்றரை மணி நேரம் போன் போடாதே என்று மிஷினுக்குச் சொன்னால் முடிந்தது. இரண்டாவது கவலைதான் ஷீலாவை ஒரு வாரம் படுத்தியது. அது குளிகை, ராகு காலம் போலவே தினமும் ஒன்றரை மணி நேரம் வருவது.

"குளிகையில ஒண்ணைச் செஞ்சா அது திரும்பத் திரும்ப நடக்கும்மா" என்றார் அவர். "அதனால விலை சொல்ற கடுதாசி, ஆர்டர் கடுதாசியெல்லாம் குளிகையில மட்டும் போகட்டும். கதவு வெடிச்சிருச்சு, கப்பல் லேட்டாயிருச்சு, மன்னிக்கணும்னு போற கடுதாசி குளிகையில போகவே கூடாது. போச்சுன்னா நம்ம ஆயுசுக்கும் மன்னிப்புத்தான் கேட்டுக்கிட்டிருக்கணும்."

அவரிடம் சாட்சியும் இருந்தது. மொரீஷியஸுக்கு ஒரு விலைக் கடிதம் தற்செயலாகக் குளிகையில் போய், அந்த வீட்டுக்காரர் அண்ணன் தம்பி மூன்று பேரும் ஆளுக்கொரு கதவு வாங்கினார்கள். அதே மாதிரி ஒரு தாமதக் கடிதம் குளிகையில் போய், அந்த வருஷம் எந்தக் கப்பலும் சொன்ன நாளில் கிளம்பவில்லை.

ஆக, மிஷின் ஒவ்வொரு கடிதத்தையும் பிரித்துப் படிக்க வேண்டும். விலை, ஆர்டர் போன்ற சொற்கள் உள்ளே இருந்தால் ஒரு பெட்டி. அந்தப் பெட்டி அன்றன்றைய குளிகையில்தான் திறக்கும். மன்னிப்பு, தாமதம், சேதம் என்று இருந்தால் இன்னொரு பெட்டி. அது குளிகை தவிர மற்ற நேரம் திறக்கும். இரண்டும் இல்லாத சாதாரணக் கடிதம் ராகு காலம் மட்டும் பார்த்துப் போகும். முதலாளியின் மனைவி சீதாலட்சுமி ஏழு நாளுக்கும் நேரத்தை வாய்ப்பாடு மாதிரி ஒப்பித்தாள். ஷீலா அதை அப்படியே விதிகளாக அடித்தாள். எல்லாம் முடிந்த பிறகு ஒரு சந்தேகம் வந்தது.

"ஒரே கடுதாசியில ரெண்டும் இருந்தா என்ன செய்யிறது முதலாளி?"

"எவனும்மா விலை சொல்ற அன்னைக்குத் தன் தப்பைச் சொல்லுவான்? நம்ம தொழில்ல அந்தப் பழக்கமே கிடையாது."

அதுவும் உண்மைதான். விலை பேசும்போது பழசைக் கிளறக் கூடாது என்பது பட்டறையில் எழுதாத சட்டம். ஷீலாவும் அதை நம்பி விட்டுவிட்டாள்.

அவளுடைய அப்பா அருள்சாமி அதே பட்டறையில் அறுப்பு மிஷினில் நின்றார். மகள் கம்ப்யூட்டருக்குள் ராகு காலத்தை வைத்திருக்கிறாள் என்று கேள்விப்பட்டதிலிருந்து சாப்பாட்டு நேரத்தில் அவருக்கு வேறு பேச்சில்லை. மாதா கோயில் பங்குச் சாமியார் காதுக்குப் போனால், பாவத்தை ஒப்புக்கொள்கிற பாவசங்கீர்த்தனத் தொட்டிக்குப் பக்கத்திலேயே உன்னைக் கட்டிப்போட்டு விடுவார் என்றார்.

"நான் எங்கப்பா நம்புறேன்? மிஷினுதான் நம்புது" என்றாள் ஷீலா.

சிரிப்பு இருந்தாலும் அந்த ஆவணி மாதம் அறுப்புப் பிரிவில் யாருக்கும் நிம்மதி இல்லை. அறுக்க மரமில்லை. ஈப்போவில் புதிதாக எழும்பிக்கொண்டிருந்த ஒரு முருகன் கோயிலுக்கு வாசல் கதவும் உள் கதவுகளும் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். அந்த வேலை கிடைத்தால் தை வரைக்கும் மிஷின் ஓடும். கிடைக்காவிட்டால் அறுப்புப் பிரிவை மூடிவிட்டு, பிறகு பார்த்துக் கூப்பிடுகிறேன் என்று முதலாளி வெளிப்படையாகவே சொல்லியிருந்தார். மூடினால் அருள்சாமிக்குத் தெரிந்த ஒரே வேறு இடம் கல்குவாரிதான். ஏற்கெனவே அங்கே பத்து வருஷம் கல் ஏற்றித்தான் அவர் முதுகு ஒரு பக்கம் சாய்ந்தது. இன்னொரு தடவை போனால் நிமிர்ந்து வர மாட்டார். இதை அவரும் சொல்லவில்லை, ஷீலாவும் சொல்லவில்லை. வீட்டில் உப்பு குறைந்தது கூடியதைப் பற்றித்தான் பேசினார்கள்.

ஈப்போ கோயில் கமிட்டியில் நம் ஊர் ஆள் ஒருவர் இருந்தார். ஏகப்பன் என்று பெயர். பூர்வீகம் நாச்சியாபுரம், பிழைப்பு மூன்று தலைமுறையாக மலேசியா. அவர் வீட்டுக்குப் போன வருஷம் இந்தப் பட்டறை அனுப்பிய கதவு, போய்ச் சேர்ந்த கொஞ்ச நாளில் பலகை பிளந்துவிட்டது. மீனாட்சிசுந்தரம் அதற்குப் பதில் பலகை அனுப்பினாரே தவிர, ஒரு வார்த்தை வருத்தம் தெரிவிக்கவில்லை. ஆசாரிக்கு அது வராது. அப்படியும் ஏகப்பன் கமிட்டியில் இவர் பெயரைச் சொல்லியிருந்தார். விலையை எழுதி, கதவின் படத்தோடு வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பச் சொன்னார். பேக்ஸில் அனுப்பினால் படம் கரியாக வருகிறது, மெயிலில்தான் வேண்டும் என்றும் சொல்லிவிட்டார். கும்பகோணத்துப் பட்டறை ஒன்றும் போட்டிக்கு நின்றது.

வியாழக்கிழமை சாயங்காலம் முதலாளி விலையைச் சொல்லச் சொல்ல, ஷீலா இங்கிலீஷில் அடித்தாள். கதவின் படத்தை ஸ்கேன் செய்து இணைத்தாள். முடித்து எழுந்தவர் வாசல் வரை போய்விட்டுத் திரும்பி வந்தார். மூக்கைச் சொறிந்துகொண்டு நின்றார்.

"அந்த மனுசன் வீட்டுக் கதவு வெடிச்சதுல்ல. அதுக்கும் வருத்தப்படுறேன், மன்னிக்கணும்னு கீழ ரெண்டு வரி போட்டுரு. அவரு நமக்காகப் பேசுறாரு. மனசு கேக்கல."

ஷீலா போட்டாள். அவருக்கு வாயில் வராத வார்த்தை வந்திருக்கிறதே என்று கொஞ்சம் அழகாகவே போட்டாள். அந்தச் சந்தோஷத்தில், தான் கட்டிய விதிகளை மறந்துபோனாள்.

வெள்ளிக்கிழமை காலையில் குளிகை வந்தது, போனது. முதலாளி விடியும் முன்பே நாச்சியாபுரத்துக்குக் கிளம்பிவிட்டார். அங்கே ஒரு புது வீட்டுக்கு நிலை வைக்கும் நாள். நிலை நிற்கிற வரைக்கும் ஆசாரி அந்த இடத்தைவிட்டு நகரக் கூடாது. பக்கத்தில் போனும் கிடையாது. ஷீலா வழக்கம்போல வந்து கூட்டி, கம்ப்யூட்டருக்கு ஊதுபத்தி காட்டுகிற சீதாலட்சுமிக்கு வழிவிட்டு, டீ குடித்தாள். ராகு காலம் பிறந்து கொஞ்ச நேரத்தில் போன் மணி அடித்தது. வெளிநாட்டு மணி நீளமாக அடிக்கும்.

ஏகப்பன்தான். ஆசாரி இல்லையா என்று கேட்டார். பிறகு, "ஏம்மா, ஒங்க கடுதாசி இன்னும் வரலியே. கும்பகோணத்துக்காரக நேத்தே அனுப்பிட்டாக. இங்க மூணு மணிக்குக் கமிட்டி உக்காருது. கையில காயிதம் இல்லாம நான் என்னத்தைப் பேச?" என்றார்.

அங்கே மூன்று மணி என்றால் இங்கே பன்னிரண்டரை. ஷீலா போனை வைத்துவிட்டு மூலை மிஷினின் துணியை உருவினாள். கடிதம் போகவில்லை. எங்கேயும் தொலையவும் இல்லை. உள்ளேயே சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது. பார்த்ததும் புரிந்தது. விலை இருப்பதால் குளிகை தவிர வேறு நேரம் போகாதே என்று ஒரு விதி. மன்னிப்பு இருப்பதால் குளிகையில் போகாதே என்று இன்னொரு விதி. மிஷின் இரண்டுக்கும் கீழ்ப்படிந்தது. உலகம் அழிகிற வரை அது அங்கேயே இருந்திருக்கும். எந்தப் பெட்டிக்கும் சேராத கடிதத்துக்கு ஷீலா வழியே வைக்கவில்லை.

அவள் பின்கட்டுக்கு ஓடி சீதாலட்சுமியிடம் சொன்னாள். சீதாலட்சுமி வெண்டைக்காய் நறுக்குவதை நிறுத்தாமல் முழுவதையும் கேட்டாள். இப்போது ராகு காலம், இதில் போன காரியம் விளங்காது என்றாள். இன்றைக்குக் குளிகையும் முடிந்துவிட்டது.

"நாளைக்கு விடியக்காலைல குளிகை இருக்கு. கமிட்டியை நாளைக்கு வச்சுக்கிறச் சொல்லு."

"அக்கா, அவுக நம்ம பஞ்சாங்கத்தைப் பாத்தா உக்காருறாக?"

சீதாலட்சுமியின் கத்தி கொஞ்சம் மெதுவானது. ஷீலா நின்று யோசித்தாள். ராகு காலம் முடியப் பன்னிரண்டு ஆகும். படம் பெரிசு. காரைக்குடி லைனில் அது மதுரை போய்ச் சேரப் பத்து நிமிஷத்துக்கு மேல் பிடிக்கும், லைன் ஒழுங்காக இருந்தால். பன்னிரண்டுக்குத் தொடங்கி ஒரு தடவை அறுந்தால் அவ்வளவுதான். அறுப்புக் கொட்டகையிலிருந்து சத்தமே இல்லை. அப்பாவும் மற்றவர்களும் மரத்தூளைக் கூட்டிக் கூட்டி அதே இடத்தில் குவித்துக்கொண்டிருந்தார்கள். வேலை இருப்பதாகக் காட்டிக்கொள்வதற்காக.

"அக்கா, நான் அனுப்புறேன். முதலாளி ஏசுனா என்னைய ஏசட்டும்" என்றாள்.

"நான் எதையும் பாக்கலம்மா" என்றாள் சீதாலட்சுமி.

விதிகள் இருந்த கோப்பைத் திறந்து, ராகு காலம், குளிகை வரிகளுக்கு முன்னால் ஒரு குறியைப் போட்டாள். குறி போட்ட வரியை மிஷின் படிக்காது. கடிதத்தைத் தள்ளிவிட்டாள். மோடம் கழுத்தைப் பிடித்த கோழி மாதிரி கத்தி, பிறகு அடங்கியது. கடிதம் போகப் போக அதன் விளக்கு துடித்தது. பத்து நிமிஷம் ஆனது. முழுக்கப் போய்விட்டது மாதிரி இருந்தது. விளக்கு நின்றது. கொஞ்ச நேரத்தில் லைன் அறுந்தது. ஒப்படைக்கவில்லை, திரும்ப முயல்கிறேன் என்று திரையில் வரி வந்தது.

இரண்டாம் தடவையும் அதே கதை. மூன்றாம் தடவையும். ஒவ்வொரு தடவையும் கடைசிச் சொட்டு வரை போவது, அமைதியாவது, அறுவது. ஷீலா மோடத்தை அணைத்துப் போட்டாள். ஒயரைப் பிடுங்கிச் செருகினாள். மாதாவுக்கு மெழுகுவத்தி நேர்ந்தாள். ஐந்தாம் தடவைக்குப் பிறகு சீதாலட்சுமி எதையும் பார்க்காதவளாக வந்து, மிஷின் மேல் துளி விபூதி வைத்துவிட்டுப் போனாள். ஏழாம் தடவை மோடத்தின் விளக்கு மெல்ல ஒரு முறை துடித்தது. ஒப்படைத்தாயிற்று என்று வரி வந்தது. மணி பன்னிரண்டேகால். ஷீலா நாற்காலியில் உட்கார்ந்தாள்.

இரண்டு மணிக்கு மேல் மீனாட்சிசுந்தரம் நெற்றியில் சந்தனமும் கையில் தேங்காய்ப் பையுமாக வந்தார். ஷீலா மறைக்கவில்லை. குளிகையில் போகாததையும், ஏன் போகாததையும், ராகு காலத்தில் அனுப்பியதையும் வரிசையாகச் சொன்னாள். அவர் பையைக் கீழே வைத்தார். ஏசவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

"ராகு காலத்துலயா" என்றார், யாரோ செத்த செய்தி கேட்டவர் மாதிரி. பிறகு அறுப்புக் கொட்டகைப் பக்கம் பார்த்தார். அருள்சாமி துடைப்பத்தோடு அங்கேதான் நின்றிருந்தார். எல்லாம் அவர் காதிலும் விழுந்திருந்தது.

அப்போது போன் நீளமாக அடித்தது. முதலாளி எடுத்தார். ஏகப்பனுக்குக் கனத்த குரல். ரிசீவரைத் தாண்டி அறை முழுக்கக் கேட்டது. அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"ஆசாரி, போன வருசம் கதவு வெடிச்சப்ப ஒத்த வார்த்தை சொல்லல நீரு. இன்னைக்கு ஏழு தடவை மன்னிப்புக் கேட்டு எழுதியிருக்கீரே. அனுப்பி அனுப்பி எங்க செயலாளர் வீட்டு மிஷினே நெறஞ்சு போச்சு."

செயலாளர் ஏழு கடிதத்தையும் அச்செடுத்து மேஜையில் வரிசையாகப் பரப்பியிருக்கிறார். கும்பகோணத்துக்காரர் பக்கம் நின்ற பொருளாளர் ஒவ்வொன்றாக எடுத்துப் படித்துப் பார்த்தாராம். விலையை ஏழு தடவை சொன்னாலும் ஒரு காசு மாறவில்லை, தப்பை ஏழு தடவை ஒத்துக்கொள்கிறான், இப்படி ஒரு ஆசாரியை என் காலத்தில் கண்டதில்லை, இவன் கதவு இனி வெடிக்காது என்று அவரே சொல்லிவிட்டாராம். வேலை இவர்களுக்குத்தான். முன்பணம் திங்கட்கிழமை கிளம்புகிறது.

முதலாளி ரிசீவரை வைத்துவிட்டு ஷீலாவைப் பார்த்தார். "நான் எங்கம்மா ஏழு தடவை கேட்டேன்?"

ஷீலாவுக்கு அப்போதுதான் உறைத்தது. மதுரை மிஷின் கடிதத்தை ஒவ்வொரு தடவையும் வாங்கிக்கொண்டுதான் இருந்தது. வாங்கிக்கொண்டேன் என்று பதில் சொல்லத்தான் அதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. பெரிய படம், பகல் நேர நெரிசல். அந்த நேரத்தில் லைனில் பேச்சில்லை. பேச்சில்லாமல் சும்மா கிடக்கிற லைனை உடனே வெட்டிவிடு, போன் பில் எகிறுகிறது என்று முதலாளி சொல்லி, அவளே ஒரு வரி போட்டிருந்தாள். பதில் வருவதற்குள் லைன் அறுந்தது. அதனால் போகவில்லை என்று நினைத்து மூலை மிஷின் மறுபடி மறுபடி அனுப்பியது; ஏழாம் தடவைதான் பதில் முந்திக்கொண்டது. பதிவுத் தபாலைக் கொடுத்துவிட்டு, கையெழுத்துக் கார்டு திரும்பி வரும் முன்பே, கிடைக்கவில்லை போலிருக்கிறது என்று இன்னொன்று எழுதுகிற மாதிரிதான் என்று அவருக்கு விளக்கினாள்.

அவர் தலையை ஆட்டினார். பில் விஷயம் புரிந்தது. மற்றது புரியவில்லை. "குளிகையில போகாமலே திரும்பத் திரும்பப் போயிருக்கு. அதுவும் ராகு காலத்துல. போயி, காரியமும் செயிச்சிருக்கு. இது எந்தக் கணக்குல சேத்தி?"

பின்கட்டு வாசலில் நின்ற சீதாலட்சுமிதான் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்.

"ஈப்போவுல இங்கத்து நேரமா? இங்க ராகு காலம் பொறக்குறப்பவே அங்க முடிஞ்சு போச்சுல்ல. கடுதாசி கிளம்புற ஊரு முக்கியமா, போயிச் சேருற ஊரு முக்கியமா?"

மீனாட்சிசுந்தரம் முகத்தில் வெளிச்சம் வந்தது. பஞ்சாங்கமும் தப்பவில்லை, வேலையும் கிடைத்துவிட்டது. இதைவிட மனுஷனுக்கு என்ன வேண்டும். "அப்ப ஊருக்கு ஊரு தனித்தனியாப் போட்ரும்மா. மலேசியாவுக்கு மலேசியா நேரம், மொரீஷியஸுக்கு மொரீஷியஸ் நேரம்" என்றார். சொல்லிவிட்டு, தேங்காய்ப் பையிலிருந்து ஒரு சீப்பு வாழைப்பழத்தை எடுத்து அவள் மேஜையில் வைத்தார். அவர் மன்னிப்புக் கேட்டால் அப்படித்தான் இருக்கும்.

அறுப்புக் கொட்டகையில் மிஷினைச் சும்மா ஒரு தடவை ஓட விட்டுப் பார்த்தார்கள். அருள்சாமி உள்ளே வந்து மகளுடைய சீப்பிலிருந்து ஒரு பழத்தைப் பிய்த்துக்கொண்டார்.

"சாமியார்ட்ட நானே சொல்லிர்றேன் தாயி. எம் மகளுக்கு எல்லாத் தேசத்து ராகுவும் பழக்கமாயிட்டாருன்னு."

"மொதல்ல மாதாவுக்கு மெழுகுவத்தி வாங்குங்க. கடன் இருக்கு" என்றாள் ஷீலா.

சனிக்கிழமை முழுக்க அவள் விதிகளைத் திருத்தினாள். கடிதம் போகிற ஊரைப் பார்த்து நேரம் பார்க்கச் சொன்னாள். விலையும் மன்னிப்பும் சேர்ந்து வருகிற கடிதத்துக்குத் தனி வழி ஒன்று போட்டாள். அது எந்த நேரத்தையும் பார்க்காமல் உடனே போகும். இதை மட்டும் அவள் யாரிடமும் சொல்லவில்லை. கடைசியாக, சும்மா இருக்கிற லைனை வெட்டுகிற வரியைத் திறந்து, பதில் வருகிற வரைக்கும் பொறு என்று மாற்றினாள்.

திங்கட்கிழமை முதல் மரம் அறுப்புக்கு ஏறியது, நல்ல நேரத்தில்தான். சத்தத்தில் ஆபீஸ் ஜன்னல் அதிர்ந்தது. மீனாட்சிசுந்தரம் வந்து மூலை மிஷினுக்குப் பக்கத்தில் நின்றார். மூக்கைச் சொறிந்தார்.

"அந்த ஏழு தடவை போன விசயம். அதைச் சரி பண்ணிட்டியாம்மா?"

"சனிக்கிழமையே பண்ணிட்டேன் முதலாளி. இனிமே ஒரு தடவைதான் போகும்."

"அடடா" என்றார் அவர். "கொஞ்சம் பொறுத்துச் செஞ்சிருக்கலாம்."